ஒட்டாத ஒன்பது எழுத்து

வெள்ளையபுரத்தில், வைகாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், நரம்பு ஆய்வு நிலையத்தின் முதல் மாடியில் இருந்த டாக்டர் மங்கையர்க்கரசியின் அறைக் கதவிலிருந்து அவருடைய பெயர் உதிர்ந்தது. முதலில் ‘சி’ விழுந்தது, பிறகு ‘ம’ விழுந்தது, பிறகு வரிசை எதுவும் பார்க்காமல் மீதி ஏழும் விழுந்தன. ‘டாக்டர்’ என்ற சொல்லும் பின்னால் வரும் பட்டங்களும் இருந்த இடத்திலேயே இருக்க, நடுவில் நீலப் பலகை மட்டும் துடைத்து வைத்ததுபோல வெறுமையாகத் தெரிந்தது.

வெள்ளையபுரம் அச்சு ஊர். காலண்டர், தீப்பெட்டி லேபிள், கல்யாணப் பத்திரிகை, பரீட்சை நோட்டின் அட்டை, கருமாதிக் கார்டு என்று ஒரு மனிதனின் பெயர் எதன்மேல் ஏற வேண்டுமென்றாலும் அந்தக் கரிசல் ஊருக்கு வந்து மையில் நனைந்துதான் ஏறும். அதனால் ஒரு பெயர் ஒட்டவில்லை என்பது அந்த ஊர்க்காரர்களுக்கு அதிசயமாகத் தெரியவில்லை, வேலையில் வந்த குறையாகத் தெரிந்தது. நிலையத்துக்கு ஸ்டிக்கர் வெட்டித் தரும் தங்கமாரியப்பன் தன் அச்சகத்திலிருந்து நேரில் வந்து பலகையை மோந்து பார்த்தார், நகத்தால் சுரண்டினார், பசை பழசு என்றார், புதிதாக ஒன்பது எழுத்து வெட்டி ஒட்டிவிட்டுப் போனார். அவர் பைக்கை எடுப்பதற்குள் அவை உதிர்ந்தன. மறுநாள் எனாமல் பெயின்டில் எழுதிப் பார்த்தார், காய்ந்த பெயின்ட் ஆறிய பாலின் ஆடையைப் போலச் சுருண்டு விழுந்தது. பித்தளைத் தகட்டில் செதுக்கிக் கொண்டுவந்தார், செதுக்கிய பள்ளம் சாப்பாட்டு வேளைக்குள் தூர்ந்து தகடு வழவழவென்று ஆகிவிட்டது. முப்பத்தோரு வருஷத் தொழிலில் இப்படி ஒரு பெயரைப் பார்த்ததில்லை என்று அவர் டீக்கடையில் சொன்னபோது, குரலில் பயமில்லை, வாடிக்கையாளரின் வேலையை முடிக்க முடியாத மனிதனின் எரிச்சல்தான் இருந்தது.

டாக்டர் மங்கையர்க்கரசிக்கு ஐம்பத்திரண்டு வயது. அவர் செய்துவந்த ஆய்வும் ஒட்டுவதைப் பற்றியதுதான் என்பதை ஊரில் யாரும் அவரிடம் சொல்லிக் காட்டவில்லை, அந்த மரியாதையே அவரை முதலில் குத்தியது. அடைக்கு வைத்த கோழி முட்டைக்குள் கரு உருவாகும் பருவத்தில் நரம்பு செல்களை எடுத்துக் கண்ணாடித் தட்டில் வளர்ப்பது அவருடைய வேலை. நரம்பு செல் முதலில் தரையைப் பிடிக்க வேண்டும், தரையைப் பிடித்தால்தான் கை நீட்டும், கை நீட்டினால்தான் பக்கத்துச் செல்லைத் தொடும், தொட்ட இடத்தில் ஒட்டினால்தான் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி கடக்கும், கடந்தால்தான் நினைப்பும் வலியும் வெட்கமும் எல்லாம். தரை பிடிக்காத செல் தன்னைப் போன்ற நாலைந்தோடு உருண்டை கட்டிக்கொண்டு, மிதந்து, இரண்டு நாளில் செத்துப்போகும். மூன்று வருஷம் அவருடைய தட்டுகளில் செல்கள் அப்படித்தான் மிதந்து செத்தன. ஜெர்மனியிலிருந்து பூச்சு மருந்து வரவழைத்தார், ஜப்பானிலிருந்து தட்டு வரவழைத்தார், செல்கள் உருண்டை கட்டிச் செத்தன.

பிறகு ஒரு திங்கட்கிழமை, எட்டுத் தட்டுகள் கொண்ட ஒரு வரிசையில் மட்டும் செல்கள் தரையைப் பிடித்துக்கொண்டு, மழை பெய்த மறுநாள் அறுகம்புல் ஓடுவதுபோல நாலா பக்கமும் கை நீட்டியிருந்தன. அந்த எட்டுத் தட்டும் சீனியம்மாள் கழுவி அடுக்கியவை.

சீனியம்மாள் நிலையத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிறவள், கான்ட்ராக்ட் ஆள். அதற்கு முன் தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டினவள், ஏழு வயதிலிருந்து விரல் நுனியில் மைதாப் பசையோடு வளர்ந்தவள். என்ன செய்தாய் என்று டாக்டரம்மா கேட்டதும் வேலை போய்விட்டது என்றே நினைத்து, முந்தானையில் கையைத் துடைத்துத் துடைத்துப் பதில் சொன்னாள்.

“புதுத் தட்டும்மா, பழகல. புதுத் தோசைக்கல்லுல தோசை எடுக்க வராதுல்ல, பழக்குனாத்தானே வரும். அது மாதிரி, பழைய தட்டுல செல்லுக கெடந்த தண்ணிய நீங்க கொட்டச் சொன்னீங்கள்ல, அத இதுல ஊத்தி ஒரு நாள் பூரா வச்சுப் பழக்குனேன். தப்புங்களாம்மா?”

தப்பில்லை என்று டாக்டர் மங்கையர்க்கரசி சொன்னார். அடுத்த இரண்டு வருஷம் அந்தக் கொட்டும் தண்ணீரை வடித்து, பிரித்து, அலசி, அதற்குள் இருந்து செல்கள் தாங்களே சுரந்து வைத்துவிட்டுப் போகிற ஒரு பொருளைக் கண்டெடுத்தார். முன்னால் குடியிருந்த செல் பின்னால் வரும் செல்லுக்காகத் தரையில் விட்டுப்போகும் ஒட்டு அது. அதற்குப் ‘பழகின்’ என்று பெயர் வைத்தார். கட்டுரை பெரிய பத்திரிகையில் வந்தது. உலக அறிவியலுக்கு ஒரு தமிழ்ச் சொல்லைத் தந்தவர் என்று வார இதழ்கள் அவர் படத்தை அட்டையில் போட்டன, சொல் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டவர்களிடம், நம் மொழியிலேயே இருக்கிறதே என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

கட்டுரையில் ஐந்து பெயர்கள். முதல் பெயர் அவருடையது, நடுவில் இரண்டு மாணவர்கள், நாலாவது நிலையத்தின் டைரக்டர். அவர் அந்த வளர்ப்பு அறைக்குள் இரண்டு முறை வந்திருக்கிறார், ஒருமுறை ஏசி மாட்டியதற்கு ரிப்பன் வெட்ட, ஒருமுறை ஏசி ஓடாததைப் பார்வையிட. ஐந்தாவது டைரக்டரின் மகள், அப்போது பிளஸ் டூ, கோடை விடுமுறையில் வந்து இரண்டு படம் வரைந்து கொடுத்தது. கட்டுரையை அனுப்புவதற்கு முன் ஒரு நாள் சீனியம்மாள் குடுவைகளைக் கவிழ்த்து வைத்தபடி, திரும்பிப் பார்க்காமல், அதில் தன் பேரும் வருமா என்று கேட்டாள்.

“அதுல பிஎச்டி முடிச்சவங்க பேரு மட்டும்தான் போடுவாங்க சீனியம்மா.”

“அப்படியாம்மா. சரிம்மா.”

அவ்வளவுதான் நடந்தது. அது நடந்து ஒன்றரை வருஷம் கழித்துத்தான் பெயர் உதிரத் தொடங்கியது.

உதிர்ந்த மறுநாள் காலை சீனியம்மாள் டாக்டரம்மாவின் மேஜைமுன் வந்து, எவர்சில்வர் டிபன் பாக்ஸின் மூடியைத் திறந்து நீட்டினாள். உள்ளே ஒன்பது எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரத்தி வைக்கப்பட்டிருந்தன. சேலைக் கொசுவத்தில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வந்துவிட்டன என்றாள், ‘ங்’ மட்டும் செருப்புக்கு அடியில் இருந்ததால் கழுவிக் கொண்டுவந்ததாகச் சொன்னாள். அதற்கடுத்த நாளும் கொண்டுவந்தாள். தங்கமாரியப்பன் பகலில் ஒட்டுவார், பொழுது சாய்வதற்குள் எழுத்துகள் உதிரும், காற்றடிக்கும் பக்கம் பறக்காமல் வராந்தாவில் ஊர்ந்து, படியிறங்கி, கழுவும் தொட்டியருகே குனிந்து நிற்கும் சீனியம்மாளின் முதுகில், முழங்கையில், தலைமுடியில் போய் ஒட்டிக்கொள்ளும். காலையில் அவள் கொண்டுவந்து கொடுப்பாள். “எண்ணிப் பாத்துக்கோங்கம்மா” என்பாள். “‘கை’யக் காணும்னு பஸ் பூரா தேடுனேன், கண்டக்டர் எடுத்து வச்சிருந்தாரு” என்பாள். அவள் முகத்தில் குத்தல் இருக்கிறதா என்று டாக்டர் மங்கையர்க்கரசி ஒவ்வொரு காலையும் தேடிப் பார்த்தார், இருந்திருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒரு மாதம் போன பிறகு, இனி கொண்டுவராதே, வெளியே எங்காவது போட்டுவிடு என்று சொல்லிப் பார்த்தார்.

“பேரப் போயி எப்படிம்மா குப்பையில போடுறது?” என்று சீனியம்மாள் கேட்டாள். அதன் பிறகு அவள் கொண்டுவரவில்லை, தன் வீட்டிலேயே அந்த டிபன் பாக்ஸில் சேர்த்து வைக்கத் தொடங்கினாள், மதியச் சோற்றைத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்தாள்.

ஊர் இதற்குள் பழகிவிட்டது. கம்ப்யூட்டர் திரையில் மட்டும் பெயர் நின்றது, திரையில் ஒட்டுவதற்கு ஒன்றுமில்லை. காகிதம், பலகை, சுவர், தகடு, துணி எதிலும் நிற்கவில்லை. போஸ்ட்மேன் பெயரில்லாத தபால்களையெல்லாம் யோசிக்காமல் அவர் வீட்டில் போட்டார், அதில் பாதி சரியாகவும் இருந்தது. நிலையத்தின் வருகைப் பதிவேட்டில் அவருடைய கையெழுத்து தினமும் உதிர்ந்ததால் கிளார்க் வேறு வழியில்லாமல் ஆப்சென்ட் போட்டு, பதினோரு நாள் விடுப்பை எழுதி, மேடம் தப்பா நினைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவருடைய அண்ணன் மகன் கல்யாணத்துக்கு ஆயிரத்து இருநூறு பத்திரிகை அடித்தார்கள். ‘தங்கள் வரவை விரும்பும் அத்தை’ என்பதற்குக் கீழே அந்த ஆயிரத்து இருநூறிலும் பெயர் உதிர்ந்து, அத்தை என்ற உறவு மட்டும் ஆளில்லாமல் நின்றது. பத்திரிகையில் பெயர் விட்டுப்போனதற்காக மூன்று தலைமுறை பேசாமல் இருக்கிற குடும்பங்கள் உள்ள ஊர் அது, ஆகவே சொந்தக்காரர்கள் அண்ணனிடம் சண்டைக்குப் போனார்கள், டாக்டருக்குப் படிச்ச பொண்ண இப்படியா ஒதுக்குறது என்று இரண்டு பெரியம்மாக்கள் முகூர்த்தப் பந்தலிலேயே அழுதார்கள். தனக்காக அழுகிறவர்களின் நடுவில் உட்கார்ந்து பருப்புப் பாயசம் குடிப்பதுபோல ஒரு தண்டனை எந்தச் சட்டத்திலும் இல்லை என்று அன்று அவருக்குத் தெரிந்தது.

அவரிடம் யாரும் காரணம் கேட்கவில்லை. ஆனால் ஊர் தன்னைத் தானே கேட்டுக்கொண்டது. காலையில் கேட்டைத் திறக்கும்போது ஒவ்வொருவரும் தங்கள் பெயர்ப் பலகையைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார்கள், நிற்கிறது என்று தெரிந்த பிறகு பேப்பரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். ஒரு காலண்டர் கம்பெனி முதலாளி, யாரும் கேட்காமலே, போர்டில் தன் பெயருக்குப் பின்னால் ‘அன் பிரதர்’ என்று சேர்த்து எழுத வைத்துத் தம்பியை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார். ஒரு தமிழாசிரியர், தன் கவிதைப் புத்தகத்தின் பிரதிகளை நூலகத்திலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு போனார்.

ஊருக்குப் புரியாத ஒன்று டைரக்டரின் பெயர். அது கல்வெட்டில், கேட்டில், கட்டுரையில், வளர்ப்பு அறைக் கதவில், ஓடாத ஏசியின் பக்கத்தில், எல்லா இடத்திலும் கல்லுப்போல ஒட்டிக்கொண்டு இருந்தது. அரக்கு வைத்து ஒட்டியிருக்கிறார்கள் என்று டீக்கடையில் ஒருவர் சொல்ல, தங்கமாரியப்பன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் தொழில் நியாயம் சொன்னார்.

“நல்லாக் காஞ்ச அட்டையில மை ஜம்முனு பிடிக்கும் அண்ணாச்சி. உள்ள ஈரம் இருந்தாத்தான் உதிரும்.”

இந்தப் பேச்சு சுற்றிச் சுற்றி டாக்டர் மங்கையர்க்கரசியின் காதுக்கும் வந்தது. தன்னை நல்லவிதமாகத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்பது புரிந்தபோது அவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆடி கழிந்ததும் நிலையத்துக்கு ஓர் ஆணை வந்தது. கழுவும் வேலை, பெருக்கும் வேலை எல்லாம் இனி வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்கு, கான்ட்ராக்ட் ஆட்கள் மாதக் கடைசியோடு நின்றுகொள்ள வேண்டும், ஆனால் ஆய்வில் பங்களித்ததற்கு அச்சில் வந்த ஆதாரம் உள்ளவர்களைத் தொழில்நுட்ப உதவியாளராக நிரந்தரம் செய்யலாம். வெளியிலிருந்து மூன்று பேர் வந்து நேர்காணல் வைப்பார்கள். சீனியம்மாளுக்கும் கடிதம் வந்திருந்தது. பதினாலு வருஷம் கழுவியவளிடம் அச்சில் வந்த ஆதாரம் என்று இருந்ததெல்லாம் ஒரு டிபன் பாக்ஸ் நிறைய வேறொருத்தியின் பெயர்தான். அவள் டாக்டரம்மாவிடம் ஒரு சர்டிபிகேட் மட்டும் கேட்டாள்.

டாக்டர் மங்கையர்க்கரசி உடனே எழுதினார். நேர்மையானவர், நேரம் தவறாதவர், கண்ணாடிச் சாமான்களை மிகச் சுத்தமாகக் கழுவுவார் என்று எழுதிக் கையெழுத்திட்டார். காகிதத்தை மடிப்பதற்குள் கையெழுத்து உதிர்ந்து மேஜை விளிம்பைத் தாண்டி சீனியம்மாளின் கைமேல் போய் ஒட்டியது. அவள் அதை உரித்து மேஜைமேல் வைத்தாள். இரண்டாவது காகிதத்தில், ஆய்வுக்குப் பல வகையிலும் உதவியவர் என்று சேர்த்தார், அதுவும் உதிர்ந்தது. மூன்றாவதில், பழகின் கண்டுபிடிப்பில் குறிப்பிடத்தக்க உதவி புரிந்தவர் என்று எழுதினார், எழுதும்போதே அந்தக் குறிப்பிடத்தக்க என்ற சொல்லின் வழவழப்பு அவருக்குத் தெரிந்தது, அது கொஞ்சம் தாமதித்து உதிர்ந்தது. கையெழுத்து இல்லாத காகிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்காமல், நாளைக்கு வாங்கிக்கிறேம்மா என்று சொல்லி அவள் தொட்டிக்குப் போனாள்.

எதை எழுதினால் நிற்கும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை, வைகாசியிலிருந்தே தெரியும். மூன்று வாக்கியம் போதும். அந்த வார ஞாயிற்றுக்கிழமை காலை, பத்திரிகைக்கு அனுப்ப வேண்டிய திருத்தத்தைக் கம்ப்யூட்டரில் எழுத உட்கார்ந்தார். இந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவருடைய பெயர் விடுபட்டது, அந்தப் பெயர், என்று அடித்து அங்கேயே நின்றார். அவளுடைய இன்ஷியல் அவருக்குத் தெரியாது.

கேட்டுக்கொண்டு வர அவரே கிளம்பினார். சீனியம்மாளின் தெரு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது. தெருவின் நிழல் பக்கம் பூராவும் பெண்கள் சாக்கு விரித்து உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகைக் கவர்களை மடித்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பேர் நிக்காத டாக்டரம்மா வந்திருக்காங்க என்று ஒருத்தி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள், கேலியாக இல்லை, மாடி வீட்டு டாக்டரம்மா என்று சொல்வதுபோல அடையாளமாகத்தான் சொன்னாள். நாற்காலி வந்தது, குடிக்கக் கலர் வந்தது. இவங்க உட்கார்ந்த நாற்காலியில பசை இருக்கா பாருடி, ஒட்டாமப் போயிருவாங்க என்று ஒரு வாயாடி சொல்ல, பக்கத்தில் இருந்தவள் அவள் தொடையில் கிள்ளினாள். கைகள் மட்டும் நிற்காமல் ஒட்டிக்கொண்டே இருந்தன.

சீனியம்மாள் ஈரத் தலையோடு வெளியே வந்தாள். ஆபீஸ் விஷயமாக முழுப் பேர் வேண்டும், இன்ஷியலோடு சொல் என்று டாக்டர் மங்கையர்க்கரசி கேட்டார்.

“எந்தப் பேரும்மா?”

“உன் பேருதான்.”

அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள்.

“எம் பேரு சீனியம்மா இல்லம்மா. சீனியம்மா எங்க மதினி. மொதல்ல ஒங்ககிட்ட வேலைக்கு வந்தது அவதான், நாலு மாசம் வந்தா. இடுப்பு ஒடஞ்சு படுத்ததும் நான் வந்தேன். கான்ட்ராக்டர் பட்டியல்ல அவ பேரு இருந்துச்சு, மாத்தல. மொத நாளு நீங்க அந்தப் பூதக்கண்ணாடியில குனிஞ்சுக்கிட்டே, ‘சீனியம்மா, தட்டு கழுவியாச்சா’ன்னீங்க. கழுவியாச்சும்மான்னேன்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“நீங்க கேட்டது தட்டப் பத்தித்தானம்மா.”

அவள் அதைக் கணக்குத் தீர்ப்பதுபோலச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிற குரலில்தான் சொன்னாள். பிறகு, அதுதான் இப்போது கஷ்டமாக இருக்கிறது என்றும், நேர்காணல் கடிதமும் மதினி பேருக்கே வந்திருக்கிறது என்றும், ஆள்மாறாட்டம் என்று சொல்லிவிடுவார்கள் என்று கிளார்க் பயமுறுத்துவதாகவும், போகாமலே இருந்துவிடலாமா என்று யோசிப்பதாகவும் சொன்னாள். டாக்டர் மங்கையர்க்கரசிக்குத் தன் கையிலிருந்த கலர் பாட்டிலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பதினாலு வருஷம், வாரத்துக்கு ஆறு நாள், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை என்று வைத்தாலும், எத்தனை ஆயிரம் தடவை அவர் இந்த முகத்தைப் பார்த்து இன்னொருத்தியைக் கூப்பிட்டிருக்கிறார், இவள் எத்தனை ஆயிரம் தடவை வந்து நின்றிருக்கிறாள். பெயரைத் தான் விட்டுவிட்டதாகத்தான் அவர் இந்த மூன்று மாதமும் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார், விடுவதற்குத் தன்னிடம் அந்தப் பெயரே இருந்ததில்லை என்பதற்கு எவ்வளவு வெட்கப்பட வேண்டும் என்று அவருக்குப் பிடிபடவில்லை. தெருவில் இத்தனை பேர் இருந்தும் கவர்கள் மடிபடும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

“உங்க பேரு என்ன?” என்றார். பதினாலு வருஷத்தில் அந்த ‘உங்க’ முதல் தடவை வந்தது. அது கேட்டதும் தெருவின் நிழல் பக்கம் பூராவும் ஒட்டிக்கொண்டிருந்த கைகள் ஒரு மூச்சு நேரம் நின்றன.

“வேலுத்தாய்ம்மா. ச. வேலுத்தாய்.”

நேர்காணல் புதன்கிழமை காலை நடந்தது. வெளியூர்க்காரர் மூன்று பேர், டைரக்டர், கிளார்க், மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலி. வேலுத்தாய் உள்ளே போனதும், கூப்பிடாமலே டாக்டர் மங்கையர்க்கரசியும் பின்னால் போய் நின்றார். கையெழுத்திடாத ஒரு காகிதத்தை மேஜைமேல் வைத்து, அதிலிருந்ததை வாயாலும் சொன்னார். இவர் பெயர் வேலுத்தாய், தவறான பெயரில் பதினாலு வருஷம் இவரைக் கூப்பிட்டது நிலையம், அதில் முதல் ஆள் நான். செல்கள் தட்டில் ஒட்ட வழி கண்டுபிடித்தவர் இவர், பழக்குதல் என்ற சொல்லும் இவருடையது. கட்டுரையில் இவர் பெயர் இல்லாததற்குக் காரணம் மறதி இல்லை, இவர் கேட்டார், நான் பொய் சொன்னேன்.

மூன்றாவது வாக்கியம் முடிந்ததும் அந்த வெளியூர்க்காரர்களில் வயதான அம்மாள் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார். டைரக்டர் இருமினார்.

“மேடம், இது நம்ம நிலையத்தோட மானப் பிரச்சனை.”

“ஆமா சார். அதுக்குத்தான் வந்திருக்கேன்.”

பிறகு பேனாவைத் திறந்து கையெழுத்திட்டார். விஷயம் தெரிந்த கிளார்க் எட்டிப் பார்த்தார், விஷயம் தெரியாத வெளியூர்க்காரர்களும் என்னவென்று புரியாமலே குனிந்து பார்த்தார்கள். கையெழுத்து நின்றது. கிளார்க் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, காகிதத்தை ஃபைலில் வைத்துக் கட்டினார். கட்டுரையில் இருந்த ஐந்தாவது பெயரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. டைரக்டரின் பெயர் அன்றைக்கும் எங்கும் அசையவில்லை.

வேலுத்தாய்க்கு வேலை நிரந்தரமான மாதம், வளர்ப்பு அறைக் கதவில் அவர் பெயரை ஒட்ட வேண்டும் என்று ஆபீஸ் சொல்லி, தங்கமாரியப்பன் வந்தார். டாக்டரம்மாவுக்கும் ஒன்பது எழுத்து வெட்டிக் கொண்டுவந்திருந்தார், இந்தத் தடவை நிற்கும் என்று தன்னுடைய பசையின்மேல் அவருக்கு நம்பிக்கை. ஒன்பதும் ஒட்டி முடித்துவிட்டு எதிர் அறைக்குப் போனார். ‘வே’ ஒட்டினார், ‘லு’ ஒட்டினார், ‘த்’ ஒட்டினார், ‘தா’ ஒட்டினார். தாளைத் திருப்பினார், பையை உதறினார், சட்டைப் பையைத் தடவினார். கடைசி எழுத்தை வெட்டாமலே வந்துவிட்டார். முப்பத்தோரு வருஷத் தொழிலில் இப்படி ஒருநாளும் நடந்ததில்லை என்று தலையில் கை வைத்தார், அச்சகத்துக்குப் போய் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்.

வேலுத்தாய் அன்று வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த அந்த எவர்சில்வர் டிபன் பாக்ஸைத் தன் பையிலிருந்து எடுத்தார். மாதக்கணக்காய்ச் சேர்ந்த எழுத்துகள் அதில் வற்றல் போல நிறைந்து கிடந்தன. விரலால் கிளறி ஒரு ‘ய’வை எடுத்தார், விளிம்பு மடங்காத ஒன்றாகப் பார்த்து எடுத்தார், எடுத்துவிட்டு எதிர் வாசலில் நின்ற டாக்டர் மங்கையர்க்கரசியைப் பார்த்தார்.

“இதுல ஒண்ணு மட்டும் எடுத்துக்கிடட்டுமாம்மா?”

அவர் தலையசைத்தார். வேலுத்தாய் அந்த ‘ய’வைத் ‘தா’வுக்குப் பக்கத்தில் வைத்துக் கட்டைவிரலால் தேய்த்தார், லேபிள் ஒட்டிய விரல், ஒரே தேய்ப்பில் பிடித்தது. தட்டுகளில் நம்பர் போடும் பேனாவால் அதன் தலையில் ஒரு புள்ளி வைத்தார். அந்த நேரத்தில் எதிர்க் கதவில் ‘கை’க்கும் ‘ர்’க்கும் நடுவிலிருந்த எழுத்து சத்தமில்லாமல் உதிர்ந்து தரையில் விழுந்தது. அது எங்கும் ஊர்ந்து போகவில்லை, யார்மேலும் ஒட்டவில்லை, விழுந்த இடத்திலேயே கிடந்தது, சாயங்காலம் பெருக்கிவிட்டார்கள்.

மற்ற எட்டும் அதன் பிறகு உதிரவில்லை. அந்த ஒன்று மட்டும் எத்தனை தடவை ஒட்டினாலும் விழுந்தது, தங்கமாரியப்பன் ஒரு வருஷம் பார்த்துவிட்டு, இது பசை சமாச்சாரம் இல்லை என்று ஒட்டுவதை நிறுத்திக்கொண்டார். திருத்தம் வெளிவந்த பத்திரிகை எட்டு மாதம் கழித்து நூலகத்துக்கு வந்தது. அதில் இரண்டாவது பெயராக ச. வேலுத்தாய் இருந்தது, முதல் பெயரில் இரண்டு ஆங்கில எழுத்துக்கான இடம் வெள்ளையாக இருந்தது, அச்சுப்பிழை என்று வெளியூரில் நினைத்திருப்பார்கள்.

வெள்ளையபுரத்தில் யாரும் அந்த இடத்தில் தடுக்கி விழுவதில்லை. போஸ்ட்மேனும் கிளார்க்கும், பத்திரிகை வைக்க வருகிற சொந்தக்காரர்களும் இல்லாத எழுத்தையும் சேர்த்தே சரளமாகப் படித்துவிட்டு உள்ளே வருகிறார்கள். டாக்டர் மங்கையர்க்கரசி மட்டும் தினமும் காலையில் சாவியைத் துளையில் வைத்துக்கொண்டு, பலகையை இடமிருந்து வலமாகப் படித்து, நாலாவது எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் நிற்கிறார், முதுகுக்குப் பின்னால் எதிர் அறையில் தட்டுகள் கழுவப்படும் சத்தம் கேட்கிறது. ஓர் எழுத்தைச் சொல்லி முடிக்க ஆகும் நேரம்தான் அது. அது கழிந்த பிறகுதான் அவரால் கதவைத் திறக்க முடிகிறது.